இணைய விளையாட்டுக் கணக்குத் தரவுக் கசிவு

இணைய விளையாட்டுக் கணக்குத் தரவுக் கசிவு என்பது, இணையவழி விளையாட்டு நிறுவனங்களிடம் பயனர்கள் அளித்த பெயர், மின்னஞ்சல் முகவரி, கடவுச்சொல், கட்டண அட்டை விவரம் முதலிய தரவுகள் உரிமையற்றோர் கைக்குச் செல்வதைக் குறிக்கும். 2011 ஆம் ஆண்டு சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேசன் வலையமைப்பில் நடந்த ஊடுருவல் இவ்வகையில் பரவலாக அறியப்பட்ட நிகழ்வாகும். ஒரு கசிவினால் விளையும் கேடு, ஊடுருவியவரின் திறமையைக் காட்டிலும் நிறுவனம் எவ்வளவு தரவைச் சேமித்து வைத்திருந்தது என்பதையே பெரிதும் பொறுத்தது. இந்தியாவில் இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய விதிகளால், வணிக நிறுவனங்கள் அட்டை எண்களைச் சேமிப்பது நின்றது. அதே காலப்பகுதியில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளுக்கு ஆதார், நிரந்தரக் கணக்கு எண் போன்ற அடையாள விவரங்கள் திரட்டப்பட்டன. அட்டை எண்ணை மாற்றிக்கொள்ளலாம், ஆதார் எண்ணை மாற்ற இயலாது என்பதால், இத்துறையில் பாதுகாப்புக்குரிய பொருளே மாறிவிட்டது எனலாம்.

விளையாட்டுக் கணக்கில் அடங்கும் தரவுகள்

விளையாட்டுக் கணக்கு ஒன்றைத் தொடங்கும்போது பயனர் பெயர், மின்னஞ்சல் அல்லது கைபேசி எண், கடவுச்சொல், பிறந்த நாள் ஆகியவை பெறப்படுகின்றன. விளையாட்டுக்குள் நாணயம், வைரம், ஆடை, ஆயுதம் போன்ற மெய்நிகர் பொருட்களை வாங்கும்போது கட்டண விவரமும் இதனோடு சேர்கிறது. இது கடனட்டை அல்லது பற்று அட்டையாகவோ, யூபிஐ முகவரியாகவோ, கைபேசிப் பணப்பையாகவோ இருக்கலாம். பிறந்த நாளும் முகவரியும் தம்மளவில் சிறு செய்திகளாகத் தோன்றினாலும், வங்கியின் வாடிக்கையாளர் சேவையைத் தொலைபேசியில் அழைக்கும்போது அடையாளத்தை உறுதிசெய்யக் கேட்கப்படும் கேள்விகளுக்கு விடையாக அமைபவை அவையே.

விளையாட்டுக் கணக்குக்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. அதில் சேர்ந்துள்ள மெய்நிகர் பொருட்கள் பணமதிப்பு உடையவை. பல ஆண்டுகள் ஆடி வளர்த்த கணக்கை முழுமையாக விலைக்கு வாங்குவோர் உள்ளனர். ஆகையால் அட்டை விவரம் சிறிதும் இல்லாத கணக்கும் திருடர்களால் தேடப்படுகிறது. பல கணக்குகளின் உரிமையாளர்கள் மாணவர்களாகவும், அவற்றோடு இணைந்துள்ள அட்டை பெற்றோருடையதாகவும் இருப்பது மற்றொரு சிக்கல். பணம் போனதை முதலில் அறிபவர் கணக்கைப் பயன்படுத்தியவர் அல்லர்.

கசிவு நிகழும் வழிகள்

நிறுவனத்தின் வழங்கிக் கணினியில் உள்ள மென்பொருள் குறைபாட்டைப் பயன்படுத்தித் தரவுத்தளத்தை நகலெடுப்பது ஒரு வழி. மேகக் கணிமைச் சேவைக்கான அணுகல் திறவுகோல்கள் பயன்பாடு முடிந்த பின்னும் நீக்கப்படாமல் இருப்பதும், பழைய காப்புப் படிகள் மறக்கப்பட்டுக் கிடப்பதும் ஊடுருவலுக்கு இடமளிக்கின்றன.

நிறுவனத்தின் அமைப்பில் குறையே இல்லாதபோதும் கணக்குகள் பறிபோவதுண்டு. ஒரு தளத்தில் கசிந்த மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் எடுத்து, வேறு நூறு தளங்களில் தானியங்கி நிரல் கொண்டு முயன்று பார்ப்பது இன்று மிகப் பரவலான முறையாகும். பயனர் எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் எல்லாக் கதவுகளும் ஒரே சாவிக்குத் திறக்கும். இதனால்தான் உணவுக் குறிப்புத் தளம் ஒன்றில் நடந்த கசிவு, சில மாதங்கள் கழித்து விளையாட்டுக் கணக்குத் திருட்டாக வெளிப்படுகிறது. இலவச வைரம், இலவச நாணயம் தருவதாகக் கூறும் போலிப் பக்கங்கள் மூன்றாவது வழி. இங்கு பயனர் தாமாகவே கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து கொடுத்துவிடுகிறார்.

கடவுச்சொற்களை நிறுவனங்கள் எவ்வாறு சேமிக்கின்றன என்பதும் முக்கியமானது. முறையான அமைப்பில் கடவுச்சொல் அப்படியே எழுதி வைக்கப்படுவதில்லை. ஒருவழிக் கணிப்பு ஒன்றின் மூலம் அது வேறொரு நீண்ட எழுத்துத் தொடராக மாற்றப்படுகிறது. அத்தொடரிலிருந்து கடவுச்சொல்லை நேரடியாகத் திரும்பப் பெற இயலாது. எனினும் பழக்கமான கடவுச்சொற்களை எல்லாம் அதே கணிப்புக்கு உட்படுத்தி ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைத் தடுக்க, கணிப்புக்கு முன் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியான ஒரு சீரற்ற தொடர் சேர்க்கப்படுகிறது. இதனை உப்பு என்றே கணினியியலார் அழைக்கின்றனர்.

2011 பிளேஸ்டேசன் வலையமைப்பு ஊடுருவல்

2011 ஏப்ரல் 17 முதல் 19 வரையான நாட்களில் பிளேஸ்டேசன் வலையமைப்பிலும் கியூரியோசிட்டி இசைச் சேவையிலும் ஊடுருவல் நிகழ்ந்தது. ஏப்ரல் 20 அன்று சோனி தன் சேவையை நிறுத்தியது. ஆனால் பயனர் தரவு களவு போனது என்ற செய்தி ஏப்ரல் 26 அன்றுதான் வெளியிடப்பட்டது. ஏறத்தாழ 7.7 கோடிக் கணக்குகளின் பெயர், முகவரி, மின்னஞ்சல், பிறந்த நாள், கடவுச்சொல் ஆகியவை பாதிக்கப்பட்டன. அட்டை விவரங்கள் எடுக்கப்பட்டதற்குச் சான்று இல்லை எனினும், அதற்கான வாய்ப்பை மறுக்க இயலாது என்று நிறுவனம் கூறியது. இடைப்பட்ட ஆறு நாட்கள் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின. அட்டையை முடக்கவோ கடவுச்சொல்லை மாற்றவோ பயனர்களுக்குத் தேவைப்பட்ட காலம் அதுவே.

மே 1 அன்று டோக்கியோவில் நடந்த செய்தியாளர் கூட்டத்தில் சோனியின் கசுவோ இராய் உள்ளிட்ட அலுவலர்கள் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டனர். ஏறத்தாழ ஒரு கோடிக் கணக்குகளில் கடனட்டை விவரம் இருந்ததாக அப்போது தெரிவிக்கப்பட்டது. அட்டை விவரம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது என்றும், கடவுச்சொற்கள் ஒருவழிக் கணிப்பு முறையில் சேமிக்கப்பட்டிருந்தன என்றும் நிறுவனம் விளக்கியது.

மறுநாள் வெளிவந்த இரண்டாம் அறிவிப்பு, பாடம் என்ற நோக்கில் முதலாவதைவிட மதிப்புடையது. சோனி ஆன்லைன் என்டர்டெயின்மென்ட் என்ற துணை நிறுவனத்தின் 2.46 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டிருந்தன. அங்கே 2007 ஆம் ஆண்டைச் சேர்ந்த, வழக்கொழிந்த தரவுத்தளம் ஒன்று இருந்தது. அதிலிருந்து அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 12,700 அட்டை எண்களும், ஆஸ்திரியா, ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்பெயின் நாட்டு வாடிக்கையாளர்களின் ஏறத்தாழ 10,700 நேரடிப் பற்றுப் பதிவுகளும் எடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்று அறிவிக்கப்பட்டது. நான்கு ஆண்டுகளாக எவருக்கும் பயன்படாத தரவு, திருடனுக்கு மட்டும் பயன்பட்டது.

மே மாத நடுவில் சேவை படிப்படியாக மீண்டது. இந்நிகழ்வினால் ஏற்பட்ட செலவை 1,400 கோடி யென் என்று சோனி மதிப்பிட்டது. 2013 சனவரியில் ஐக்கிய இராச்சியத்தின் தகவல் ஆணையர் அலுவலகம், போதிய பாதுகாப்பு இன்மைக்காக நிறுவனத்துக்கு 2,50,000 பவுண்டு தண்டம் விதித்தது.

பிற நிகழ்வுகள்

அதே 2011 ஆம் ஆண்டு நவம்பரில், வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் சேவையிலும் ஊடுருவல் நடந்தது. ஸ்டீம் தளத்தில் 2004 முதல் 2008 வரை நடந்த கொள்வனவுகளின் காப்புப் படி ஒன்று நகலெடுக்கப்பட்டிருக்கக் கூடும் என்று 2012 பிப்ரவரியில் நிறுவனம் அறிவித்தது. இதிலும் இழப்புக்கு உள்ளானது பழைய தரவே.

2019 செப்டம்பரில் சைங்கா நிறுவனம் தன் கணக்குத் தரவு கசிந்ததை வெளியிட்டது. வேர்ட்ஸ் வித் பிரண்ட்ஸ், டிரா சம்திங் ஆகிய விளையாட்டுகளின் பயனர்கள் பாதிக்கப்பட்டனர். பின்னர் வெளிவந்த தொகுப்பில் ஏறத்தாழ 17.3 கோடி மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. கட்டண விவரம் எதுவும் கசியவில்லை என நிறுவனம் கூறியது.

2020 ஏப்ரலில் நிண்டெண்டோவுக்கு நேர்ந்தது வேறு வகை. சுமார் 1,60,000 கணக்குகளில் பிறர் புகுந்ததாகவும், சூன் மாதத்தில் மேலும் 1,40,000 கணக்குகள் கண்டறியப்பட்டதாகவும் நிறுவனம் தெரிவித்தது. பழைய வீ யூ, 3டிஎஸ் கருவிகளுக்கென வழங்கப்பட்ட அடையாளப் பெயர்களின் வழியே ஊடுருவியோர் புகுந்தனர். அட்டை எண்களை அவர்கள் காணவில்லை. ஆயினும் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்த அட்டை, பேபால் ஆகியவற்றைக் கொண்டு பொருட்கள் வாங்க முடிந்தது. எண்ணைத் திருடாமலேயே பணத்தைச் செலவழிக்க இயலும் என்பதை இந்நிகழ்வு காட்டிற்று. சேமித்து வைத்த அட்டை என்பது எண் மட்டுமன்று, அது செலவு செய்யும் அதிகாரமும் ஆகும்.

இந்தியாவில் கட்டணத் தகவல் பாதுகாப்பு

அட்டை நேரில் காட்டப்படாத இணையக் கொள்வனவுகளுக்கு, அட்டையில் அச்சிடப்படாத ஒரு தகவலையும் கேட்டு உறுதிசெய்ய வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் ஆணையிட்டது. இது அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் தனிக் கடவுச்சொல்லாக இருந்த இத்தகவல், பின்னர் குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லாக மாறியது. ஓடிபி என்னும் பெயரில் இன்று ஊர்ப்புறங்களிலும் இதனை அறியாதார் இல்லை. இதன் விளைவாக, இந்திய அட்டையின் எண் மட்டும் கசிந்தால் இந்தியத் தளங்களில் அதைக் கொண்டு பொருள் வாங்க இயலாது.

வெளிநாட்டு வணிகர்கள் இவ்விதிக்கு வெளியே இருந்தனர். டாலரில் கட்டணம் பெறும் வெளிநாட்டு விளையாட்டுக் கடைகள் பல, அட்டை எண், காலாவதித் திங்கள், மூவிலக்கச் சரிபார்ப்பு எண் ஆகியவற்றை மட்டும் கொண்டு பணம் பெற்றன. எனவே விளையாட்டுக் கணக்கைப் பொறுத்தவரை ஓடிபி தரும் காப்பு முழுமையானதாக இருக்கவில்லை. 2020 சனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆணைப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுத் தானியங்கிப் பணப்பொறிகளிலும் கடைகளிலும் மட்டும் செயற்படுமாறு வழங்கப்பட வேண்டும். இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் வாடிக்கையாளரே வங்கிச் செயலியில் இயக்கிக்கொள்ளலாம், அணைத்தும் வைக்கலாம். வெளிநாட்டுத் தளங்களில் வாங்காதோர் அதை அணைத்து வைப்பது எளிய காப்பாகும். 2025 செப்டம்பரில் வெளியான புதிய நெறிமுறைகள், வெளிநாட்டு வணிகர் கேட்கும்போது கூடுதல் உறுதிப்பாட்டைச் செய்யும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1க்குள் அமைக்குமாறு அட்டை வழங்கும் வங்கிகளைப் பணித்தன.

2018 ஏப்ரலில், கட்டணத் தரவுகள் அனைத்தும் இந்தியாவுக்குள் உள்ள அமைப்புகளில் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இந்தியாவில் தரவு மையங்கள் பெருகியதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. சென்னையின் மேற்குப் புறநகரில், நூம்பலுக்கு வடக்கே அமைந்த அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதி இதற்கு எடுத்துக்காட்டு. 1960களில் பொறியியல் பட்டறைகளுக்கென அமைக்கப்பட்ட அப்பகுதியில் இன்று பன்னாட்டு நிறுவனங்களின் பெரிய தரவு மையங்கள் இயங்குகின்றன. தரவு எந்த நாட்டில் உள்ளது என்பது சட்டத்தின் கை எட்டுவதற்கு உதவும். அதனால் மட்டும் தரவு பாதுகாப்பானதாகிவிடாது.

பெங்களூரைச் சேர்ந்த ஜஸ்பே என்ற கட்டணச் செயலாக்க நிறுவனத்தின் நிகழ்வு இதை உணர்த்தியது. 2020 ஆகஸ்டில் நடந்த ஊடுருவலை அந்நிறுவனம் 2021 சனவரியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. ஏறத்தாழ 3.5 கோடிப் பதிவுகளில், இடையிலுள்ள இலக்கங்கள் மறைக்கப்பட்ட அட்டை விவரங்கள் இருந்தன. முழு எண்கள் வேறு அமைப்பில் இருந்ததால் தப்பின. நீக்கப்படாத பழைய அணுகல் திறவுகோல் ஒன்றின் வழியே ஊடுருவல் நடந்ததாக நிறுவனம் விளக்கியது. பயனர்களில் பெரும்பாலோர் இந்நிறுவனத்தின் பெயரையே அதற்கு முன் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். பொருள் வாங்கிய தளத்துக்கும் வங்கிக்கும் இடையே நிற்கும் இத்தகைய நிறுவனங்களிடமும் தரவு தங்குகிறது.

டோக்கன் முறை

வணிக நிறுவனங்களும் கட்டண இணைப்பு நிறுவனங்களும் அட்டை எண்ணைச் சேமிக்கக் கூடாது என்ற கொள்கை 2020 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. நிறுவனங்களின் வேண்டுகோளால் காலக்கெடு பலமுறை தள்ளிப்போய், 2022 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் அட்டை எண்ணை வைத்திருக்கும் உரிமை, அட்டை வழங்கிய வங்கிக்கும் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அட்டை வலையமைப்புக்கும் மட்டுமே உண்டு. மற்றவர்கள் கடைசி நான்கு இலக்கங்களையும் வங்கியின் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

அட்டை எண்ணுக்குப் பதிலாக வணிகரிடம் இருப்பது டோக்கன் எனப்படும் மாற்று எண். பயனர் தம் அட்டையைச் சேமிக்க இசைவு தந்து ஓடிபி மூலம் உறுதிசெய்தால், அட்டை வலையமைப்பு ஒரு மாற்று எண்ணை உருவாக்கி வணிகருக்கு அனுப்புகிறது. இம்மாற்று எண் குறிப்பிட்ட அட்டை, குறிப்பிட்ட வணிகர் என்ற இணைக்கு மட்டுமே உரியது. ஒரே அட்டையை விளையாட்டுத் தளம் ஒன்றிலும் புத்தகக் கடை ஒன்றிலும் சேமித்தால் இரண்டிடத்தும் வெவ்வேறு எண்கள் இருக்கும். விளையாட்டுத் தளத்தின் தரவுத்தளம் முழுவதும் களவு போனாலும் அந்த எண்ணைக் கொண்டு வேறெங்கும் பொருள் வாங்க இயலாது. திருமண வீட்டில் செருப்புக்குத் தரும் வில்லை, வேறு மண்டபத்தில் செல்லாதது போன்றதே இது. தம் அட்டைக்கு எங்கெங்கு டோக்கன்கள் உள்ளன என்பதை வாடிக்கையாளர் பார்ப்பதற்கும், வேண்டாதவற்றை நீக்குவதற்கும் வங்கிகள் வழி செய்ய வேண்டும் என்பதும் விதியாகும். இவ்வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை.

டோக்கன் முறையால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நிண்டெண்டோ நிகழ்வில் கண்டது போல, கணக்கினுள் புகுந்தவர் அதே தளத்தில் பொருள் வாங்க முயலலாம். அப்போது தடுப்பது ஓடிபி மட்டுமே. 2021 அக்டோபர் முதல் தொடர் கட்டணங்களுக்கும் கூடுதல் உறுதிப்பாடு கட்டாயமாக்கப்பட்டது. இம்மாற்றங்கள் நிறுவனங்களுக்கு இடையூறாகவும் அமைந்தன. ஆப்பிள் நிறுவனம் 2022 ஆம் ஆண்டில் இந்தியாவில் தன் செயலிக் கடைக்கு அட்டைக் கட்டணம் ஏற்பதையே நிறுத்தி, யூபிஐ, இணைய வங்கி ஆகியவற்றின் மூலம் முன்னிருப்புப் பணம் செலுத்தும் முறைக்கு மாறியது.

யூபிஐ முறையில் அட்டை எண் என்பதே இல்லை. செலுத்துகைக்குப் பொதுவாகப் பயனரின் இரகசிய எண் தேவை, அதை வணிகர் அறிவதில்லை. எனவே தரவுத்தளக் கசிவு யூபிஐ பயனரை நேரடியாகப் பாதிப்பது குறைவு. மோசடி இங்கு ஏமாற்றின் வடிவில் வருகிறது. பரிசு வந்துள்ளது, பெற்றுக்கொள்ள எண்ணை இடவும் என்று கூறிப் பணம் கேட்கும் கோரிக்கைகள் அனுப்பப்பட்டன. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை என்ற ஒன்றை அறிந்திருந்தால் இவ்வகை மோசடி பலிக்காது. தனிநபர்களுக்கு இடையிலான இத்தகைய கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது.

பயனர் மேற்கொள்ளும் காப்புகள்

விளையாட்டுக் கணக்குக்கும் அதனோடு இணைந்த மின்னஞ்சலுக்கும் வேறு எங்கும் பயன்படுத்தாத கடவுச்சொற்களை வைப்பதே முதன்மையானது. இவற்றுள் மின்னஞ்சலின் கடவுச்சொல்லே கூடுதல் கவனத்துக்குரியது. மறந்த கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்குதான் வருகிறது என்பதால், மின்னஞ்சலைப் பெற்றவர் பிற கணக்குகளையும் பெற்றவராகிறார். முகநூல், கூகுள் கணக்குகள் வழியாக விளையாட்டுகளில் நுழைவோருக்கும் இது பொருந்தும். இருபடி உறுதிப்பாடு இருக்கும் இடங்களில் அதை இயக்குவது, கடவுச்சொல் கசிந்த பின்னும் கணக்கைக் காக்கும்.

பிள்ளைகள் ஆடும் கருவியில் பெற்றோரின் முதன்மை வங்கிக் கணக்குக்குரிய அட்டையைச் சேமிக்காமல், சிறு தொகை கொண்ட தனிக் கணக்கையோ முன்பணப் பரிசுச் சீட்டையோ பயன்படுத்தினால் இழப்புக்கு ஓர் எல்லை அமைகிறது. அட்டையின் மூவிலக்கச் சரிபார்ப்பு எண்ணை, பரிமாற்றம் முடிந்த பின் எந்த வணிகரும் சேமிக்கக் கூடாது என்பது பன்னாட்டு அட்டைத் துறையின் விதி. ஆகவே முன்பே வாங்கிய தளம் ஒன்று, சரிபார்ப்புக்காக அந்த எண்ணை மின்னஞ்சலிலோ உரையாடலிலோ கேட்டால் அது போலி என அறியலாம்.

முறையீடும் சட்டமும்

பணம் போனதை அறிந்தவுடன் வங்கிக்குத் தெரிவித்து அட்டையை முடக்குவதும், 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை அழைப்பதும் உடனடியாகச் செய்யத்தக்கவை. பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாறிச் செல்லுமுன் அதை நிறுத்தி வைப்பதே இவ்வுதவி எண்ணின் நோக்கம் ஆகையால், இங்கு நேரமே முதன்மை. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தேசிய இணையக் குற்றப் புகார் தளத்திலும் முறையிடலாம். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரங்கள் 2022 சனவரியில் உருவாக்கப்பட்ட ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அவ்வாணையரகத்தில் இணையக் குற்றப் பிரிவு உள்ளது.

2017 சூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரின் பொறுப்புக்கு எல்லை வகுத்தது. குறை வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் மூன்றாமிடத்தில் இருந்து, அவர் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் அவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு வரையறுக்கப்பட்ட தொகைக்குள் அடங்கும். விளையாட்டு நிறுவனத்தில் நிகழும் கசிவு மூன்றாமிடத்துக் குறை என்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆனால் வாடிக்கையாளர் தாமே ஓடிபியைப் பிறருக்குச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையான இழப்பு அவரையே சேரும். இந்த வேறுபாட்டை அறியாமல், தம் தவறு என்றெண்ணி முறையிடாமல் விட்டவர்களும் உண்டு.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 66-சி பிரிவு பிறர் கடவுச்சொல்லையும் அடையாளத்தையும் களவாடுவதையும், 66-டி பிரிவு கணினி வழி ஆள்மாறாட்ட மோசடியையும் குற்றமாக்குகின்றன. 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, பாதுகாப்பு மீறல்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்குமாறு நிறுவனங்களைப் பணித்தது. இது அரசு அமைப்புக்குத் தெரிவிக்கும் கடமை மட்டுமே, பயனருக்குத் தெரிவிக்கும் கடமையன்று. எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இக்குறையை நிரப்புகிறது. கசிவால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் காலந்தாழ்த்தாது அறிவிக்க வேண்டும் என்றும், தக்க பாதுகாப்பு எடுக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம் என்றும் அது கூறுகிறது. பதினெட்டு அகவைக்கு உட்பட்டோரின் தரவைப் பெறச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் இசைவு தேவை. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. முதன்மையான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது.

தமிழ்நாட்டில் அடையாளத் தரவு

தமிழ்நாட்டில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொண்டது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் மாநிலச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் அமைந்த தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பதினெட்டு அகவைக்கு உட்பட்டோர் ஆடக் கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை உள்நுழையக் கூடாது என்பன அவற்றுள் சில. கணக்குத் தொடங்க ஆதார் வழியிலான அடையாளச் சரிபார்ப்பும், ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணுக்கு வரும் ஓடிபியும் கட்டாயமாக்கப்பட்டன. 2023 ஏப்ரல் முதல் வெற்றித் தொகைக்கு 30 விழுக்காடு வருமான வரிப் பிடித்தம் நடைமுறையில் இருந்ததால், நிரந்தரக் கணக்கு எண்ணும் நிறுவனங்களிடம் சேர்ந்தது.

விளையாட்டு நிறுவனங்கள் இவ்வொழுங்குமுறைகளை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தன. ஆதார் கட்டாயம் தனியுரிமைக்கு முரணானது என்பது வாதங்களுள் ஒன்று. நீதியரசர்கள் எஸ். எம். சுப்பிரமணியம், கே. இராஜசேகர் அமர்வு 2025 சூன் 3 அன்று ஒழுங்குமுறைகள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தனியுரிமைக்கும் வரம்புகள் உண்டு என்றும், பொதுநலன் முன்நிற்கும் என்றும் நீதிமன்றம் கருதியது. சிறுவர்களை இவ்விளையாட்டுகளிலிருந்து விலக்கி வைக்க அகவையைச் சரிபார்ப்பது தேவை என்பதை மறுப்பது கடினம். எனினும் சரிபார்த்தல் என்பதும் சேமித்தல் என்பதும் வெவ்வேறு செயல்கள். அட்டை எண்ணுக்கு டோக்கன் இருப்பது போல ஆதார் எண்ணுக்கும் மாற்று ஏற்பாடு 2018 முதல் உண்டு. மெய்நிகர் அடையாளம் எனப்படும் 16 இலக்க எண்ணை உருவாக்கி, ஆதார் எண்ணுக்குப் பதிலாக அளிக்கலாம். வேண்டும்போது அதை மாற்றிக்கொள்ளலாம். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதார் படியும் கிடைக்கிறது. அட்டை வணிகத்தில் மாற்று எண் கட்டாயம், அடையாளச் சரிபார்ப்பில் அது பயனரின் விருப்பம் என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

தீர்ப்பு வந்த மூன்றே மாதங்களுக்குள் நிலைமை மாறியது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் நடுவண் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் அளித்தார். பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே அத்தகைய விளையாட்டுகளை நிறுத்திக்கொண்டன. விளையாட்டு நின்றது. அதற்கெனத் திரட்டிய அடையாள விவரங்கள் எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்ற கேள்வி நின்றது. 2007 ஆம் ஆண்டுத் தரவுத்தளத்தால் சோனி பட்ட பாடு இங்கு நினைவுகூரத்தக்கது.

2025 நவம்பரில் வெளியான தரவுப் பாதுகாப்பு விதிகளின் மூன்றாம் அட்டவணை இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. 50 இலட்சத்துக்குக் குறையாத பதிவுற்ற பயனர்களைக் கொண்ட இணைய விளையாட்டு இடையீட்டாளர், பயனர் மூன்று ஆண்டுகள் தம்மை அணுகாதிருந்தால் அவருடைய தரவை அழித்துவிட வேண்டும். அழிப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் அவருக்குத் தெரிவிக்கவும் வேண்டும். வேறு சட்டங்களின்படி வைத்திருக்க வேண்டிய பதிவுகள், பயனர் தம் கணக்குக்குள் நுழையத் தேவையான தரவு, கணக்கில் மீதமுள்ள மெய்நிகர் பணத்தைப் பெறத் தேவையான தரவு ஆகியவற்றுக்கு இதில் விலக்கு உண்டு. 50 இலட்சத்துக்கும் குறைவான பயனர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கு இந்த மூன்றாண்டுக் கணக்கு பொருந்தாது. நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்ற சட்டத்தின் பொதுக் கடமையே அவற்றுக்கு உரியது.